கண்ணாடி போட்ட பசுவும் எங்கள் வீட்டுக் காளைக்கன்றும்

மாடு கன்று போட்ட வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கிடேரியா, காளையா?" கிடேரி என்றால் கேட்டவரின் முகம் மலரும். காளை என்றால், "சரி, தாய் மாடாவது நல்லா இருக்குதே" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். புதுச்சேரியை அடுத்த பாகூரில் நான் மாடு வளர்க்கத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளிலும் என் கொட்டகையில் பிறந்த காளைக்கன்றுகளுக்கு இந்த ஆறுதல் வார்த்தையைத் தவிர வேறு வரவேற்பு கிடைத்ததில்லை.

என் அப்பா காலத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. பாலுக்குப் பசு, ஏருக்கும் வண்டிக்கும் காளை என்பது அன்றைய கணக்கு. கரும்பு வெட்டுக் காலம் தொடங்குவதற்கு முன் லாடம் அடிப்பவர் தெருவுக்கு வருவார். கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் செதுக்கி அவர் லாடம் அடிப்பதைப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் காளைகள் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வண்டி இழுத்தன. ஆடியில் சேற்றுழவு உழுதன. அறுவடைக்குப் பிறகு களத்தில் போரடித்தன. அப்பாவுடைய பசு வேளைக்கு ஒன்றரைப் படிக்கு மேல் கறந்ததே இல்லை. இருந்தும் அதை யாரும் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை, ஏனென்றால் அது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஈன்ற காளைதான் வீட்டின் உழைப்பில் பாதியைச் செய்துவந்தது. கால்நடைப் பாடப் புத்தகங்கள் காங்கிரேஜையும் ஓங்கோலையும் இருபயன் இனங்கள் என்று சொல்லும்போது, அவை குறிப்பதும் இந்தப் பாலையும் உழைப்பையும்தான். ஐரோப்பியப் புத்தகங்களில் இருபயன் மாடு என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே முதல் பயன் பால், இரண்டாவது பயன் இறைச்சி.

பிறகு டிராக்டர் வந்தது, பவர் டில்லர் வந்தது, அவற்றோடு மேல்நாட்டுக் காளைகளின் விந்தைச் செலுத்தும் சினை ஊசியும் வந்தது. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் என்பது தமிழ்நாட்டு இனவிருத்திக் கொள்கையின் சுருக்கம். புதுச்சேரிக் கொட்டகைகளிலும் ஜெர்சிக் கலப்பினமே நிறைந்தது. ஒன்றரைப் படி கறந்த இடத்தில் பத்து லிட்டர் கறந்தது. அந்தப் பாலில்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள் என்பதால் ஜெர்சியை நான் ஒருநாளும் பழித்துப் பேச மாட்டேன். ஆனால் ஜெர்சிக் கலப்பில் பிறந்த காளைக்குத் திமில் இல்லை, அல்லது பெயருக்குத்தான் இருக்கிறது. திமில் இல்லாத கழுத்தில் நுகத்தடி தங்காது. சித்திரை வெயிலில் இரண்டு சால் ஓட்டுவதற்குள் நாக்கைத் தொங்கப் போட்டுவிடும். உழைக்க முடியாத அந்தக் கன்றுக்கு வேறு வேலை எதையும் நாம் யோசித்து வைக்கவுமில்லை.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு கன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் பால் என்று மூன்று மாதம் கொடுத்தால் 270 லிட்டர். சொசைட்டியில் லிட்டருக்கு 30 ரூபாய் கிடைத்தாலும் 8,100 ரூபாய் கன்றின் வயிற்றுக்குள் போகிறது. அப்படி வளர்த்த கன்றை வாங்க ஆளில்லை. ஆகவே சீம்பால் வற்றுவதற்கு முன்பே தரகருக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

2016ஆம் ஆண்டு தை மாதம் என் மாடு மூன்றாம் ஈத்தில் ஒரு காளைக்கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள செம்மறைக் கன்று அது. பன்னிரண்டாம் நாள் தரகர் மொபெட்டில் வந்தார். கன்றைக் கோணியில் இறக்கி, தலை மட்டும் வெளியே தெரியும்படி கழுத்தருகே சணலால் தைத்து, வண்டியின் முன்பக்கம் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டார். 600 ரூபாய் கொடுத்தார். வண்டி தெருமுனையைத் திரும்பும் வரை கன்று எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக முன்னால் பார்த்துக்கொண்டே போனது. மொபெட்டில் போவது அதற்குப் புதிதாக இருந்திருக்கும். தாய் மூன்று நாள் கத்தியது. மடியில் பாலை இறக்காமல் அடக்கிக்கொண்டது. தரகர் பொல்லாதவர் அல்லர், நான் கூப்பிட்டு வந்தவர். அந்த 600 ரூபாயை எதற்குச் செலவழித்தேன் என்பது எனக்கு நினைவில்லை, ஆனால் கோணித் தையல் நினைவில் இருக்கிறது.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019இல் எடுத்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகளின் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய 19.25 கோடி. 2012ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் பசுவினம் சுமார் 18 சதவீதம் கூடியிருக்கிறது. காளையினம் சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கிறது. பசு ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைதான் என்பது இயற்கை. பசுக்கள் பெருகும்போது காளைகள் குறைகின்றன என்றால், அந்த இடைவெளியில் எத்தனை கோணிகள் தைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கண்ணாடி போட்ட பசுவை நான் பார்த்தது இந்தக் கன்று போன இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. என் அண்ணன் பிரெஞ்சு இராணுவத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்துச் சொல்லில் 'சொல்தா'. ஓய்வுக்குப் பின் பிரான்சின் வடமேற்கே நார்மண்டியில், கான் நகருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் குடியிருக்கிறார். 2018 மே மாதம் அண்ணி அழைத்ததால் இரண்டு மாதம் அங்கே போய்த் தங்கியிருந்தேன். ஊர் பார்க்கப் போன இடத்தில் மாடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அண்ணன் இன்றைக்கும் உறவினர்களிடம் சொல்லிவருகிறார், அது உண்மைதான். அண்ணன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் உயிர்வேலி, வேலிக்கு அப்பால் மேய்ச்சல் நிலம், அதில் வெள்ளை உடம்பில் பழுப்பும் கருப்பும் தெளித்தாற்போன்ற மாடுகள் நின்றன. பெரும்பாலானவற்றுக்கு முகம் வெள்ளை. இரு கண்களையும் சுற்றி மட்டும் கரும்பழுப்பு வட்டம். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும். அங்கேயும் அதைக் 'கண்ணாடி' என்றுதான் சொல்கிறார்களாம். இனத்தின் பெயர் நோர்மாந்த்.

அந்த மாடுகளின் சொந்தக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். அவருடைய மனைவியும் அவரோடு சேர்ந்து பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் மொழிபெயர்க்க, நான் கேட்ட முதல் கேள்வி, நம்மூரில் யாரும் கேட்பதுதான்: "எத்தனை லிட்டர் கறக்கும்?" ஒரு ஈத்துக்கு 6,500, 7,000 கிலோ வரும் என்றார். பக்கத்துப் பண்ணையில் உள்ள ஹோல்ஸ்டீன் 9,000 கிலோவுக்கு மேல் கறக்கும் என்பதையும் அவரே சொன்னார். அப்படியானால் இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையைக் காட்டி எங்களைக் கொட்டகை தாண்டிப் பின்புற நிலத்துக்கு அழைத்துப் போனார். அங்கே காயடித்த காளைகள் இருபதுக்கும் மேல் மேய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் அவருடைய பசுக்கள் ஈன்றவை. இரண்டு, இரண்டரை வயது இருக்கும்; முதுகு மேசை போல அகன்றிருந்தது. மூன்று வயது நெருங்கும் வரை புல்லில் நின்றுவிட்டுத்தான் இறைச்சிக்குப் போகும் என்றார்.

அந்த நிலத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். பால் மாட்டின் காளைக்கன்று மூன்று வயது வரை புல்லில் நிற்பதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

அதன் பின் பலமுறை அங்கே போய் விவரம் கேட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்மண்டியின் உள்ளூர் மாடுகளோடு இங்கிலாந்தின் டர்ஹாம் மாட்டைக் கலந்து உருப்பெற்ற இனம் இது. 1883இல் இதற்கான வம்சாவளிப் பதிவேட்டைத் தொடங்கியிருக்கிறார்கள். வளர்ந்த பசு 700 முதல் 800 கிலோ எடை வரும். நம் ஜெர்சிக் கலப்புப் பசு இரண்டைச் சேர்த்து நிறுத்தினால் அந்த எடை. பாலில் கொழுப்பு நான்கு சதவீதத்துக்கு மேல், புரதமும் அதிகம். அந்தப் புரதத்திலும், பாலை இறுகத் திரளச் செய்யும் கப்பா கேசீன் பி என்ற வகை இந்த இனத்தில் மிகுதி. ஆகவே அதே அளவு பாலில் பாலாடைக்கட்டி கூடுதலாகக் கிடைக்கிறது. நார்மண்டிக் கமம்பேர் என்ற பெயரில், பிறப்பிடப் பாதுகாப்பு முத்திரையோடு பாலாடைக்கட்டி விற்க வேண்டுமானால், பால் தரும் மந்தையில் பாதியாவது நோர்மாந்த் பசுக்களாக இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரின் பெயரையும் அந்த ஊர் மாட்டையும் அந்த ஊர் உணவையும் ஒரே கயிற்றில் முடிந்துவைத்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தாங்கும் திறனைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளம்பும் காலும் உறுதியானவை, நெடுந்தூரம் நடந்து மேயும், தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் குறைவாகக் கிடைத்தாலும் புல்லையும் உலர்புல்லையும் தின்று உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும், சினை பிடிப்பதில் அதிகம் சிரமப்படுத்தாது. தென்னமெரிக்காவில் கொலம்பியாவின் உயர்ந்த மலைச்சரிவுகளிலும் இந்த மாடு வேரூன்றிவிட்டது என்றால் அதன் உடற்கட்டு எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம். 1944இல் நேசப்படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது நடந்த போரில் மேய்ச்சல் நிலங்களிலேயே ஏராளமான மாடுகள் மடிந்துபோயின. எஞ்சியவற்றைக் கொண்டு மந்தைகளை மீண்டும் உண்டாக்கினார்கள். அந்தக் கடற்கரைக்கு அண்ணன் என்னை அழைத்துப் போனபோது, எனக்கு டாங்கிகளைவிட இந்தச் செய்திதான் மனத்தில் நின்றது.

பால் வற்றிய கிழட்டுப் பசுவைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம் புரிந்தது. நம்மிடம் அதற்கு ஒரு சொல் இருக்கிறது: அடிமாடு. அந்தச் சொல் விழுந்த நாளிலிருந்து அந்த மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் நின்றுவிடும். அவர்களோ கறவையிலிருந்து நீக்கிய பசுவை நல்ல புல்லில் விட்டு, மூன்று நான்கு மாதம் கொழுக்க வைத்து, பிறகுதான் விற்கிறார்கள். கடைசி நாளில் அந்தப் பசு தன் வாழ்நாளின் மிகச் சிறந்த உடற்கட்டோடு வண்டி ஏறுகிறது. பிரான்சில் மக்கள் உண்ணும் மாட்டிறைச்சியில் கணிசமான பங்கு இப்படிக் கறவை முடிந்த பசுக்களிடமிருந்தும் வருகிறது. கசாப்புக் கடையில் இனத்தின் பெயரை எழுதி விற்பதை நானே பார்த்தேன்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடும் வழக்கமில்லை. சாப்பிடுகிறவர்கள் எங்கள் தெருவிலும் புதுச்சேரி நகரத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களோடு உறவாகப் பழகுகிறோம். எனவே இறைச்சி உண்பது சரியா தவறா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. அந்தப் பண்ணைக்காரர் தன் மாடு எங்கே போகிறது என்று அறிந்து, அந்த நாள் வரைக்கும் அதற்குத் தீனி வைத்து, ஏற்றிவிட்டுத் திரும்பினார். நானோ பன்னிரண்டு நாள் கன்றைக் கொடுத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று தரகரிடம் கேட்கவே இல்லை. நம்மில் பலர் கேட்பதில்லை. எங்கள் இருவரில் மாட்டிடம் கடுமையாக நடந்துகொண்டது நான்தான் என்று அன்று இரவு அண்ணியிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

சட்டமும் நம்மிடம் வேறு. புதுச்சேரியில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் பசு வதையைத் தடுக்கிறது. காளையையும் எருதையும் அறுப்பதற்குச் சான்றிதழ் வேண்டும். எங்கள் ஊர் வாய்க்காலைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், 10 வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது என்ற சான்றைக் கேட்கிறது. மூன்று வயதுக் காளையைக் கொழுக்க வைத்து முறைப்படி விற்கும் நார்மண்டி வழிக்கு இங்கே இடமில்லை. நம் நாட்டில் பாலும் இறைச்சியும் சேர்ந்து கணக்கில் வருவது எருமைக்குத்தான். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாவதும் எருமை இறைச்சியே, பசுவினத்தின் இறைச்சியை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. எருமையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு, "அந்த மாட்டோட ஊசி இங்க கிடைக்காதாக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. கிடைத்தாலும் நான் போட மாட்டேன். மேல்நாட்டு மாட்டுக்கு வெயில் 25 பாகையைத் தாண்டினாலே உடம்பு உள்ளுக்குள் திணறத் தொடங்கிவிடும். நமக்குச் சித்திரையில் 40 அடிக்கிறது. 800 கிலோ உடம்புக்குத் தீனி போட நம் மேய்ச்சல் நிலமெல்லாம் மனைப்பிரிவாகிவிட்டது. கேரளத்தில் 1963இல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு மாட்டுப்பட்டியில் தொடங்கிய திட்டத்தில் பிரவுன் சுவிஸ் என்ற இருபயன் மாட்டைக் கொண்டுவந்து உள்ளூர் மாட்டோடு கலந்தார்கள். அதிலிருந்து வந்த சுனந்தினி கேரளத்துக்கு நிறையப் பால் கொடுத்தது. அங்கேயும் மாட்டின் ஒரு பயனைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டோம் என்பது என் எண்ணம்.

எந்த மாடு எந்த மண்ணுக்குத் தாங்கும் என்பதை எனக்கு நேரடியாகக் காட்டியது 2024 நவம்பர் 30. பெஞ்சல் புயல் எங்கள் தலைமேலேயே கரையேறி, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டியது. 2011இல் 'தானே' என்ற புயல் காற்றால் அழித்தது என்றால் இது தண்ணீரால் அழித்தது. கொட்டகைக்குள் முழங்கால் அளவு நீர். நான் இருட்டில் போய்க் கயிறுகளை அவிழ்த்துவிட்டேன். என்னிடமிருந்த குட்டையான நாட்டுப் பசு, அவிழ்த்த நொடியே நீரை முகர்ந்து பார்த்துவிட்டு, மேடான ஏரிக்கரைப் பக்கம் தானாக நடந்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தபோது கரையில் அசைபோட்டுக்கொண்டு நின்றது. இரண்டு ஜெர்சிக் கலப்பு மாடுகளும் கட்டிய இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டு நாள் தண்ணீரில் நின்றதில் ஒன்றுக்குக் குளம்பு புண்ணாகிவிட்டது. இன்னொன்றுக்கு மடிநோய் கண்டு, ஒரு காம்பு நிரந்தரமாக அடைத்துக்கொண்டது. அந்த மாதம் ஊசி மருந்துக்கு நான் கொடுத்த பணம், ஜெர்சி அதிகமாகக் கறந்த மூன்று மாதப் பாலை விழுங்கிவிட்டது.

புயலுக்கு முந்தைய ஆண்டே, 2023இல், ஒரு ஜெர்சிக் கலப்பு மாட்டுக்கு மறுபடியும் ஜெர்சி ஊசியே வேண்டாம் என்று சொல்லி, சிந்து ஊசி, அதாவது திமிலுள்ள சிவப்புச் சிந்தி இனக் காளையின் ஊசி, கேட்டுப் போட்டேன். கிடேரி மட்டும் வேண்டுமென்றால் இனம் பிரித்த விந்து ஊசி வந்துவிட்டது. பத்தில் ஒன்பது கிடேரியாக வரும். கோணித் தையலை நிறுத்த அது நல்ல வழிதான், வாங்க வசதியுள்ளவர்கள் அவசியம் வாங்க வேண்டும். எனக்கு அன்று கிடைத்தது சாதாரணச் சிந்து ஊசி. சிந்துக் கலப்பு, ஜெர்சியைவிட இரண்டு மூன்று லிட்டர் குறைவாகக் கறக்கும் என்று ஊசி போட வந்தவர் இரண்டு தடவை எச்சரித்தார். நான் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன் என்றேன். மருந்துச் செலவு, மறுபடி மறுபடி ஊசி போட்டும் சினை நிற்காத மாதங்கள், காளைக்கன்று பிறந்தால் கிடைக்கும் விலை, கடைசிக் காலத்தில் மாட்டின் உடம்பு என்று எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதிப் பார்த்தால் அந்த இரண்டு லிட்டர் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. நார்மண்டிக்காரர் 2,000 கிலோ பாலை விட்டுக்கொடுத்து வைத்திருந்த கணக்கும் இதே கணக்குதான்.

2024இல் பிறந்த கன்று காளை. செங்கல் நிறம், தொங்கும் அலைதாடி, தலையில் சின்னக் கொம்பு மொட்டு, தோளுக்கு மேல் பிறந்தபோதே தெரிந்த திமில். ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் இதை விற்கப்போவதில்லை என்றேன். புயலன்று அது சின்னக் கன்று. கழுத்தில் என் சேலையைச் சுற்றிப் பிடித்துத் திண்ணையில் ஏற்றிவிட்டேன். மாதத்தின் முதல் நாள் தோறும் தையல் நாடாவால் அதை அளந்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் வந்துவிடும். பத்தாம் மாதம் சுற்றளவு 48, நீளம் 42, எடை ஏறக்குறைய 147 கிலோ. நார்மண்டிக் கன்று அந்த வயதில் இதைப்போல் இருமடங்குக்கு மேல் இருக்கும். அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை, இது தின்றதெல்லாம் வைக்கோலும், வரப்புப் புல்லும், ஒரு வேளைத் தவிடும்தான்.

எங்கள் ஊரில் கரும்புக்கு மண் அணைக்க இன்னமும் மாட்டு ஏர் வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். வரிசைகளுக்கு இடையே டிராக்டர் நுழையாத சமயத்தில் அவருக்கு நல்ல வேலை. அவருடைய ஜோடியில் ஒரு மாட்டுக்கு வயதாகிவிட்டது. போன மாதம் வந்து கன்றின் திமிலில் கைவைத்து அழுத்திப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், இரண்டடி பின்னால் போய் நின்று நடக்கவிட்டுப் பார்த்தார். "பழக்கிடலாம்மா, இன்னும் ஒரு வருஷம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி, வெற்றிலை பாக்கோடு 1,001 ரூபாய் முன்பணம் வைத்துவிட்டுப் போனார். நான் அந்தப் பணத்தில் புது மூக்கணாங்கயிறும், ஒரு மூட்டை கடலைப் புண்ணாக்குக்கு முன்தொகையும் கொடுத்திருக்கிறேன்.